30 மில்லிகிராம்... 40 டிகிரி... ரத்த ஆல்கஹால் பரிசோதனையில் ஓர் 'ஓவன்' சொல்லும் சாட்சி!

காலையில் அடுப்பைப் பற்றவைத்துக் கல்லைப் போட்டதும் ஊற்றும் முதல் தோசை பெரும்பாலும் சரியாக வராது. ஒட்டும், பிய்யும், நடுவில் கருகி ஓரத்தில் வெளுத்துப்போகும். அதனால்தான் அனுபவமுள்ள அம்மாக்கள் ஊற்றுவதற்கு முன் ரெண்டு சொட்டு தண்ணீர் தெளிக்கிறார்கள். 'சுர்' என்று வரும் சத்தம்தான் அவர்களுக்கு தெர்மாமீட்டர்.

தடய அறிவியல் ஆய்வகங்களிலும் இப்படி ஓர் 'அடுப்பு' இருக்கிறது. அதன் பெயர் ஓவன். அங்கேயும் காலையில் ஓடும் முதல் ஓட்டத்தை யாரும் நம்புவதில்லை. வித்தியாசம் ஒன்றுதான். தோசை பிய்ந்தால் இன்னொன்று ஊற்றிக்கொள்ளலாம். அந்த ஓவனின் சூடு ஒரு டிகிரி தவறி, அதை யாரும் கவனிக்காமல் விட்டால், ஒருவரின் லைசென்ஸும் வேலையும், ஒரு குடும்பத்துக்கு வரவேண்டிய இன்ஷூரன்ஸ் பணமும்கூட கேள்விக்குறியாகிவிடலாம்.

கேஸ் குரோமட்டோகிராபி என்ற கருவிக்குள் இருக்கும் ஓவன் அது. ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது, பிடிபட்ட சாராயத்தில் மெத்தனால் கலந்திருக்கிறதா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்வது இந்தக் கருவிதான். அந்தப் பதில் எந்த அளவுக்கு நம்பகமானது என்பது, ஓவனின் சூட்டை யார் எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஒரு இரவு... ஒரு பாட்டில் ரத்தம்!

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரவு 11 மணி. கல்யாண ரிசப்ஷன் முடிந்து வீடு திரும்பும் ஒருவரின் பைக், லாரி மீது மோதிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் அவரிடமிருந்து ரத்தம் எடுக்கப்படுகிறது. சிறிய பாட்டிலில் அடைத்து, சீல் வைத்து, லேபிள் ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு சொல்வது இதுதான்: 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். சாலையில் ஊதச் சொல்லும் பிரீத் அனலைசர் மட்டுமல்ல, ஆய்வகப் பரிசோதனையும் இதற்கு ஆதாரமாகும்.

30 மில்லிகிராம் என்பது எவ்வளவு? ஒரு கிராமில் 100-ல் 3 பங்கு. அவ்வளவு சின்ன கோடு! ரிசல்ட் 27 என்று வந்தால் ஒரு கதை, 33 என்று வந்தால் வேறு கதை. விபத்து இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பலவற்றில், போதையில் நேர்ந்த விபத்துக்கு இழப்பீடு கிடையாது என்ற நிபந்தனையும் இருக்கிறது. ஆக, அந்த எண்ணுக்காகக் காத்திருப்பது போலீஸ் மட்டுமல்ல. வீட்டில் இருக்கும் மனைவியும் பிள்ளைகளும்தான்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சர்க்கரை டெஸ்ட்டில் சந்தேகம் வந்தால் நாளைக்கே இன்னொரு முறை ரத்தம் கொடுத்துப் பார்க்கலாம். இங்கே அது முடியாது. அந்த இரவின் ரத்தம் அந்த பாட்டிலில் இருப்பது மட்டும்தான். மறுநாள் காலையில் எடுக்கும் ரத்தம் வேறு கதையைச் சொல்லும்.

ரங்கநாதன் தெருவும் 30 மீட்டர் குழாயும்!

கருவிக்குள் என்ன நடக்கிறது? அதைப் புரிந்துகொள்ள தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போகலாம்.

தீபாவளி நேரம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் உஸ்மான் சாலை முனையிலிருந்து தெருவுக்குள் நுழைகிறார்கள். மறுமுனையில் மாம்பலம் ரயில்வே ஸ்டேஷன். டிரெயினைப் பிடிக்க வேண்டியவர் எந்தக் கடையையும் திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று வெளியே வந்துவிடுவார். பாத்திரக் கடையில் மட்டும் எட்டிப் பார்ப்பவர் சற்றுத் தாமதமாக வருவார். ஒவ்வொரு புடவைக் கடையிலும் ஏறி இறங்குபவர் கடைசியாக வருவார். சேர்ந்து நுழைந்தவர்கள், வெளியே வரும்போது தனித்தனியாகப் பிரிந்துவிடுகிறார்கள்.

கேஸ் குரோமட்டோகிராபியில் அந்தத் தெரு ஒரு குழாய். 30 மீட்டர் நீளம், உள்விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மெல்லிய கண்ணாடி போன்ற சிலிக்காவால் ஆனது. அவ்வளவு நீளக் குழாயையும் வளையல்போலச் சுற்றி, ஒரு பெட்டிக்குள் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தப் பெட்டிதான் ஓவன். குழாயின் உள்சுவரில் பூசப்பட்டிருக்கும் மெல்லிய பூச்சுதான் 'கடைகள்'. ஹீலியம், நைட்ரஜன் போன்ற ஒரு வாயு, கூட்டத்தைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும்.

ரத்தத்தை அப்படியே குழாய்க்குள் விடுவதில்லை. சிறிதளவு ரத்தத்தை ஒரு சின்ன கண்ணாடிக் குப்பியில் மூடி இளஞ்சூட்டில் வைப்பார்கள். ரத்தத்தில் உள்ள ஆல்கஹால் ஆவியாகி, குப்பியின் மேல்பகுதியில் சேரும். ரசம் கொதிக்கும்போது மூடியைத் திறந்தால் வாசனை மட்டும் மேலே வருமே, அப்படி! அந்த ஆவியை மட்டும் எடுத்துக் குழாய்க்குள் செலுத்துகிறார்கள். மெத்தனால், எத்தனால், அசிட்டோன் என்று ஒவ்வொன்றும் தனக்கான நேரத்தில் மறுமுனைக்கு வந்து சேரும். வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் மலைபோல ஒரு கோடு எழும்பி இறங்கும். ஆய்வகத்தில் அதை 'பீக்' என்பார்கள்.

பீக் எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்பதை வைத்து அது என்ன பொருள் என்று சொல்கிறார்கள். பீக்கின் பரப்பை வைத்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறார்கள். அடையாளத்தைச் சொல்வது நேரம். அந்த நேரத்தைத் தீர்மானிப்பது ஓவனின் சூடு!

ஒரு டிகிரி கூடினால் என்ன ஆகும்?

மறுபடியும் ரங்கநாதன் தெரு. கடைகளில் திடீரென்று ஏ.சி நின்றுபோனால் என்ன ஆகும்? புழுக்கத்தில் யாருக்கும் உள்ளே நிற்கப் பிடிக்காது. எல்லோரும் சீக்கிரமாக வெளியே வந்துவிடுவார்கள். யார் முன்னே, யார் பின்னே என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி ஒரே கும்பலாக வருவார்கள்.

குழாய்க்குள்ளும் அதேதான். சூடு கூடினால் மூலக்கூறுகள் பூச்சில் ஒட்டிக்கொண்டு நிற்கும் நேரம் குறையும். தோராயமாக 15 டிகிரி செல்சியஸ் கூட்டினால், பூச்சில் செலவிடும் நேரம் பாதியாகிவிடும் என்பது இந்தத் துறையில் பழகிய கணக்கு. அதாவது, ஒரு டிகிரிக்குச் சுமார் 5 விழுக்காடு.

ஒரு சின்ன கணக்கு போடலாம். எந்தக் கடையிலும் நிற்காத ஒரு வாயு 1 நிமிடத்தில் வெளியே வருகிறது; எத்தனால் 2 நிமிடத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனால் 'கடைகளில்' நின்ற நேரம் 60 விநாடி. ஓவன் ஒரு டிகிரி கூடிவிட்டால் அதில் சுமார் 3 விநாடி குறைந்துவிடும். எத்தனால் 2 நிமிடத்துக்குப் பதிலாக 1 நிமிடம் 57 விநாடியில் வந்து நிற்கும்.

மூன்று விநாடிதானே என்று தோன்றும். ஆனால், 'இந்த நேரத்துக்கு 2 விழுக்காடு முன்னே பின்னே வந்தால்தான் எத்தனால் என்று ஏற்றுக்கொள்வேன்' என்று ஆய்வகம் விதி வைத்திருந்தால், 2 நிமிடத்துக்கு அனுமதி வெறும் 2.4 விநாடிதான். ஒரே ஒரு டிகிரியில் எத்தனால் தன் அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டது!

சூடு மாறினால் இல்லாத ஆல்கஹால் ரத்தத்தில் முளைத்துவிடாது. அளவு தெரிந்த ஆல்கஹால் கரைசல்களையும் அதே ஓவனில், அதே வரிசையில் ஓட்டித்தான் கணக்கு போடுகிறார்கள். அதோடு ஒவ்வொரு குப்பியிலும் என்-புரொப்பனால் போன்ற ஒரு பொருளைக் குறிப்பிட்ட அளவில் சேர்த்து, அதை 'துணையாக' ஓடவிடுவார்கள். ரத்த மாதிரியின் நேரம் தள்ளிப்போனால் துணையின் நேரமும் சேர்ந்து தள்ளிப்போகும். இரண்டையும் ஒப்பிட்டால் விஷயம் வெளிப்பட்டுவிடும்.

ஆக, ஆபத்து சூடு மாறுவதில் மட்டும் இல்லை. மாறியதை யாரும் பார்க்காமல், பதிவு செய்யாமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதில்தான் இருக்கிறது.

மெத்தனால்... நூலிழை வித்தியாசம்!

2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு பகுதிகளிலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிலும் நடந்ததைத் தமிழ்நாடு மறக்காது. கள்ளக்குறிச்சி சம்பவத்தில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காரணம், மெத்தனால்.

மெத்தனாலும் எத்தனாலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். நிறமில்லை. வாசனையிலும் குடிப்பவரால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மெத்தனால் உடலுக்குள் போனதும், கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கிறது, உயிரையும் எடுக்கிறது.

மெத்தனால் சுமார் 65 டிகிரியிலும், எத்தனால் சுமார் 78 டிகிரியிலும் கொதிக்கும். குழாயில் மெத்தனால் முன்னால் வரும், எத்தனால் பின்னால் வரும். ஓவன் குளுமையாக, நிலையாக இருந்தால் இரண்டு மலைகளும் நடுவில் பள்ளத்தாக்கோடு தெளிவாகத் தெரியும். ஓவன் அதிகமாகச் சூடாகிவிட்டால் இரண்டும் நெருங்கும். எத்தனால் அதிகமாகவும் மெத்தனால் கொஞ்சமாகவும் இருக்கும் ஒரு மாதிரியில், பெரிய மலையின் அடிவாரத்தில் சின்னக் குன்று மறைந்துபோகும் அபாயம் உண்டு.

சர்க்கரை நோயாளிகள் உள்ள குடும்பங்களும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் போய் கீட்டோஅசிடோசிஸ் நிலைக்குச் சென்றவர்களின் ரத்தத்தில் அசிட்டோன் கூடும். மூச்சில் ஒருவித பழ வாசனை வரும். தள்ளாடுவார்கள், பேச்சு குழறும். பார்ப்பவர்கள் 'குடித்திருக்கிறார்' என்று முடிவு கட்டிவிடலாம். அசிட்டோன் சுமார் 56 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனாலும் ரத்த ஆல்கஹால் பரிசோதனைக்கென்றே செய்யப்பட்ட குழாய்கள் பலவற்றில் அது எத்தனாலுக்குப் பின்னால்தான் வரும். காரணம், பூச்சின் மீது அதற்கு இருக்கும் ஒட்டுதல். அந்த ஒட்டுதலையும் சூடுதான் கட்டுப்படுத்துகிறது. 'இவர் குடிக்கவில்லை, நோயாளி' என்று ஒரு கருவி சொல்ல வேண்டுமானால், அதன் ஓவன் ஒழுங்காக இருந்தாக வேண்டும்.

இதனால்தான் பல ஆய்வகங்கள் ஒரே மாதிரியை இரண்டு வெவ்வேறு பூச்சுகள் கொண்ட குழாய்களில் ஓட்டுகின்றன. இரண்டிலும் பொருள்கள் வந்துசேரும் நேரம் வேறுபடும். இரண்டு குழாய்களும் 'எத்தனால்' என்று சொன்னால்தான் அது எத்தனால்.

திரையில் 40 என்று காட்டினால் போதாதா?

ரத்த ஆல்கஹால் பரிசோதனையில் ஓவனை 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே வைப்பது பரவலான வழக்கம். திரையில் '40.0' என்று பளிச்சென்று தெரியும். அப்புறம் என்ன கண்காணிப்பு?

ஓவனுக்குள் ஒரு ஹீட்டர் சுருள், காற்றைச் சுழற்ற ஒரு ஃபேன், சூட்டை அளக்க ஒரு சென்சார், குளிர வைக்க பின்பக்கம் திறந்து மூடும் ஒரு கதவு. இவ்வளவுதான். சென்சார் இருப்பது ஓர் இடத்தில். 30 மீட்டர் குழாய் சுற்றித் தொங்குவது இன்னோர் இடத்தில். திரையில் தெரிவது சென்சார் இருக்கும் இடத்தின் சூடு மட்டுமே. ஃபேன் தேய்ந்து மெதுவாகச் சுற்றினாலோ, கதவின் ரப்பர் விளிம்பு கிழிந்து காற்று புகுந்தாலோ, குழாய் சரிந்து ஓவன் சுவரில் உரசிக்கொண்டிருந்தாலோ, சென்சாருக்கு எதுவும் தெரியாது. அது '40' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். குக்கரில் விசில் வந்தாலும் அடியில் பருப்பு வேகாமல் இருக்குமே, அதுபோலத்தான்!

சென்சாரே பழுதாகி, 41 டிகிரியை 40 என்று சொல்லவும் வாய்ப்புண்டு. அப்போது திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் பயனில்லை.

அக்னி நட்சத்திரத்தில் ஓர் ஆய்வகம்!

நம் ஊர் ஆய்வகங்களுக்கென்றே இன்னொரு சவால் இருக்கிறது. அது வெயில்.

இந்த ஓவனில் ஃபிரிட்ஜ்போலக் குளிர்விக்கும் இயந்திரம் கிடையாது. அறையில் இருக்கும் காற்றை இழுத்துத்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அதனால் அறையின் வெப்பத்தைவிடக் குறைவான சூட்டுக்கு அதனால் போகவே முடியாது. சாதாரணமாக, அறை வெப்பத்தைவிட 4, 5 டிகிரியாவது கூடுதலாக இருந்தால்தான் ஓவனால் நிலையாக நிற்க முடியும். போதாதற்கு, ஆவியைச் செலுத்தும் பகுதியும், பொருளைக் கண்டறியும் டிடெக்டரும் ஓவனின் தலைமேலேயே 200 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூடும் கீழே இறங்கும்.

இப்போது சென்னையின் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஆய்வகத்தில் ஏ.சி ஓடி, அறை 24 டிகிரியில் இருந்தால் ஓவன் 40-ல் நிம்மதியாக நிற்கும். ஏ.சி பழுதாகி அறை 37 டிகிரிக்குப் போய்விட்டால்? 40-ல் நிற்க ஓவன் திணறும். 41, 42 என்று நகரும், அல்லது 'ரெடி' விளக்கே எரியாது. குழாயை 250 டிகிரிக்கு மேல் ஏற்றும் பரிசோதனைகளில் அறை வெப்பம் இந்த அளவுக்குப் படுத்தாது. குறைந்த சூட்டில் நடக்கும் இந்தப் பரிசோதனையில்தான் அறையின் ஏ.சி-யும் கருவியின் ஓர் உறுப்பாகிவிடுகிறது!

இன்னொரு சிக்கல், ராத்திரி ஓட்டம். டஜன் கணக்கான குப்பிகளைத் தட்டில் அடுக்கிவிட்டால், கருவியே ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து விடியவிடிய ஓட்டும். மாலை 6 மணிக்கு ஆபீஸ் ஏ.சி-யை அணைத்துவிட்டுப் போனாலோ, நடுராத்திரியில் கரன்ட் போய் வந்தாலோ, மாலையில் ஓடிய முதல் குப்பிக்கும் அதிகாலையில் ஓடிய கடைசிக் குப்பிக்கும் ஓவன் ஒரே மாதிரி இருந்திருக்காது. அதிகாலையில் ஓடிய குப்பி, கற்பனைக் காட்சியில் பார்த்த அந்த பைக்காரருடையதாக இருக்கலாம்.

கண்காணிப்பு எப்படி நடக்க வேண்டும்?

ஒழுங்காக நடக்கும் ஆய்வகங்களில் இதற்குப் பல அடுக்குப் பாதுகாப்பு உண்டு.

முதலாவது, வெளியிலிருந்து ஒரு தெர்மாமீட்டர். தனியாகத் தரம் சோதிக்கப்பட்ட ஒரு தெர்மாமீட்டரின் மெல்லிய முனையை ஓவனுக்குள், குழாய்க்குப் பக்கத்திலேயே வைத்து, கதவை மூடி, சூடு நிலைப்படும் வரை காத்திருந்து பார்ப்பார்கள். 40, 100, 200 என்று சில புள்ளிகளில் திரையில் தெரியும் எண்ணோடு ஒப்பிடுவார்கள். குறிப்பிட்ட இடைவெளியிலும், ஓவனில் ஏதாவது ரிப்பேர் செய்த பிறகும் இதைச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, காலையில் 'முதல் தோசை'. ஓவன் 40-ஐத் தொட்டதும் ஆரம்பித்துவிடக் கூடாது. சென்சார் 40 சொன்னாலும், குழாயும் உள்சுவர்களும் அந்தச் சூட்டுக்கு வர இன்னும் சில நிமிடங்கள் ஆகும். பிறகு, ஆல்கஹாலே இல்லாத ஒரு குப்பி. அதற்கடுத்து மெத்தனால், எத்தனால், அசிட்டோன் எல்லாம் கலந்த ஒரு கலவை. எல்லாம் தத்தம் நேரத்தில், தனித்தனி மலையாக வருகின்றனவா என்று பார்த்த பிறகுதான் ரத்தக் குப்பிகளுக்கு முறை வரும்.

மூன்றாவது, நடுநடுவே காவலர்கள். உதாரணமாக, ஒவ்வொரு 10 குப்பிகளுக்குப் பிறகும் அளவு தெரிந்த ஒரு கரைசல் வைக்கப்படும். அதன் விடை தவறினால், அதற்கு முந்தைய காவலர் வரைக்கும் உள்ள எல்லா ரிசல்ட்டும் சந்தேகத்துக்குரியவை. மறுபடி ஓட்ட வேண்டும். ஒரே ரத்தத்தை இரண்டு குப்பிகளாகப் பிரித்து ஓட்டி, இரண்டு விடையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் இதற்காகத்தான்.

நான்காவது, கருவியே எழுதும் டைரி. இன்றைய கருவிகள் பலவற்றில், ஓட்டம் நடக்கும் நேரம் முழுக்க ஓவனின் சூட்டையும் ஒரு கோடாகப் பதிவு செய்துகொள்ள முடியும். பீக் எழும்பிய அந்த விநாடியில் ஓவன் எத்தனை டிகிரியில் இருந்தது என்பதைப் பிறகு எடுத்துப் பார்க்கலாம்.

ஐந்தாவது, ஒரு சாதாரண கிராஃப் பேப்பர். துணைக்கு ஓடும் என்-புரொப்பனால் தினமும் எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்று புள்ளி வைத்துக்கொண்டே போவது. ஒரு நாளில் தெரியாத மாற்றம், ஒரு மாதப் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். குழந்தைகளின் வளர்ச்சி அட்டையை டாக்டர் பார்ப்பதுபோல!

குற்றவாளி சூடா, காற்றா?

நேரம் தவறினால் பழி எப்போதும் ஓவன் மீதுதான் என்று நினைக்க வேண்டாம். கூட்டத்தைத் தள்ளும் வாயுவின் வேகம் மாறினாலும் நேரம் மாறும். ஒரு சின்ன கசிவு போதும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது.

எந்தக் கடையிலும் நிற்காமல் ஓடும் வாயுவைக் கவனிக்க வேண்டும். அதற்குக் கடைகளோடு சம்பந்தமே இல்லை. தள்ளும் வேகத்தோடு மட்டும்தான் சம்பந்தம். அதன் நேரமும் சேர்ந்து மாறியிருந்தால், பெரும்பாலும் வாயுவில் கோளாறு. அது அப்படியே இருக்க, ஆல்கஹால்களின் நேரம் மட்டும் மாறியிருந்தால் ஓவனைத் திறந்து பார்க்க வேண்டும். அல்லது குழாயின் பூச்சு தேய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

இப்படிக் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்து, மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் ஒரு நாள் வேலை வீணாகும். ஏற்கெனவே கேஸ்கள் குவிந்து கிடக்கும் ஆய்வகத்தில் ஒரு நாள் என்பது பெரிய விஷயம். 'ஒரு டிகிரிதானே, பரவாயில்லை' என்று சொல்லத் தோன்றும் இடம் இதுதான். சொல்லாமல் இருப்பவர்தான் நல்ல ஆய்வாளர்.

கொதிக்கும் திரவத்திலிருந்து டிஜிட்டல் ஓவன் வரை!

1922-ல் ஸ்வீடனின் எரிக் விட்மார்க் சில துளி ரத்தத்திலிருந்தே ஆல்கஹாலை அளக்கும் ரசாயன முறையை உருவாக்கினார். ஆனால், எந்த ஆல்கஹால் என்று பிரித்துச் சொல்வது அந்த முறைக்குக் கஷ்டம். பிரித்துச் சொல்லும் கேஸ் குரோமட்டோகிராபியை 1952-ல் லண்டனில் ஆர்ச்சர் மார்ட்டினும் ஏ.டி.ஜேம்ஸும் வெளியுலகுக்குக் காட்டினார்கள். அதே ஆண்டில், வேறொரு பிரித்தெடுக்கும் முறைக்காக ரிச்சர்ட் சிஞ்சுடன் சேர்ந்து மார்ட்டின் நோபல் பரிசு பெற்றார்.

அவர்களிடம் இன்றைய ஓவன் இல்லை. குழாயைச் சுற்றி ஓர் உறை அமைத்து, அதற்குள் ஒரு திரவத்தைக் கொதிக்கவிட்டு, அந்த ஆவியால் சூடேற்றினார்கள். ஏன் தெரியுமா? சுத்தமான திரவம் கொதிக்கும்போது அதன் ஆவியின் சூடு கூடவும் கூடாது, குறையவும் குறையாது. இட்லிப் பானை ஒரே சூட்டில் நிற்பதும் இதே காரணத்தால்தான்! 1955-ல் பெர்கின் எல்மர் நிறுவனத்தின் கருவி, காற்றைச் சூடாக்கி வெப்பத்தை விருப்பம்போல மாற்றும் வசதியோடு வந்தது. முதல் நாளிலிருந்தே இந்தத் துறையின் கவலை சூட்டை நிலையாக வைப்பதுதான்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. நஞ்சுகளைக் கண்டறிவதற்காக இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-ல் மெட்ராஸில்தான் தொடங்கப்பட்டது.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ரிப்போர்ட்டில் நம் கண்ணில் படுவது ஓர் எண் மட்டும்தான். ஆனால், அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கட்டுக் காகிதம் இருக்க வேண்டும். எந்த நாளில் ஓட்டினார்கள், அன்று காவல் கரைசல்களின் விடை என்ன, துணைப் பொருளின் நேரம் சரியாக இருந்ததா, ஓவனைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ 17025 தரச் சான்று, கருவிகளைச் சோதித்த பதிவுகளையும், முடிவைப் பாதிக்கக்கூடிய அறைச் சூழலின் பதிவுகளையும் வைத்திருக்கச் சொல்கிறது. வழக்கு என்று வந்தால், வக்கீல் மூலம் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டுமல்ல, விபத்தில் பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கும் இந்தப் பதிவுகள் பாதுகாப்பு. பதிவு பக்காவாக இருந்தால், 'மெஷின் தப்பு' என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாது.

இன்னொன்று, ரத்தம் எடுக்கும் கட்டத்திலேயே கவனிக்க வேண்டியது. ஆல்கஹால் பரிசோதனைக்காக ரத்தம் எடுக்கும்போது, தோலைத் துடைக்க ஸ்பிரிட் பயன்படுத்தக் கூடாது. ஆல்கஹால் இல்லாத கிருமிநாசினியால்தான் துடைக்க வேண்டும். பாட்டிலில் சோடியம் ஃபுளோரைடு போன்ற பாதுகாப்புப் பொருள் இருக்க வேண்டும். இல்லையென்றால், நாள்பட்ட ரத்தத்தில் கிருமிகளே ஆல்கஹாலை உண்டாக்கிவிடலாம். ஓவன் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்தத் தவறுகளை அதனால் திருத்த முடியாது.

மெத்தனால் கலந்ததைக் குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், ஆய்வக ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கவே கூடாது. கண் மங்கல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாற்று மருந்தும் டயாலிசிஸும் இருக்கின்றன. சீக்கிரம் போனவர்களுக்குத்தான் அவை உதவும்.

ஒவ்வொரு நாளும் காலையில் ஏதோ ஓர் ஆய்வகத்தில் ஒருவர் ஓவனை ஆன் செய்து, அறையின் தெர்மாமீட்டரைப் பார்த்து லாக் புக்கில் எழுதுகிறார். முதல் ஓட்டத்தை ஒதுக்கிவிட்டு, துணைப் பொருள் வந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். நேற்றைய புள்ளிக்குப் பக்கத்தில் இன்றைய புள்ளி உட்கார்ந்திருந்தால், வரிசையில் காத்திருக்கும் முதல் ரத்தக் குப்பியை எடுக்கிறார். தள்ளி உட்கார்ந்திருந்தால், குப்பியைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஓவனைப் பார்க்கப் போகிறார்.

அந்த பைக்காரரின் வீட்டுக்குப் போகும் பதில் அதனால் ஒரு நாள் தாமதமாகலாம். ஆனால், சரியான பதிலாக இருக்கும்.